இரண்டாண்டுப் படிப்பு எவ்வளவு சம்பாதித்துத் தரும்? அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் கணக்கு

கலிபோர்னியாவில் ஒரு பெரிய சமுதாயக் கல்லூரி. அங்கே செவிலியர் பட்டப் படிப்புக்கு இடம் கேட்பவர்கள் அதிகம், இடங்கள் குறைவு. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற முன்தகுதிப் பாடங்களை முடித்து, குறைந்தபட்ச மதிப்பெண்ணும் பெற்றால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அப்படி வடிகட்டிய பிறகும் ஆட்கள் மிஞ்சினார்கள். கல்லூரி சீட்டுக் குலுக்கிப் பார்த்தது. பெயர் வந்தவர் உள்ளே போனார், வராதவர் அடுத்த குலுக்கலுக்குக் காத்திருந்தார்.

பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்த ஒருவருக்கு இது எவ்வளவு கொடுமையான காத்திருப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குலுக்கல், பல பத்தாண்டுகளாகப் பொருளாதார அறிஞர்களைத் திணறவைத்த ஒரு கேள்விக்கு நேரான பதிலைக் கொடுத்துவிட்டது. படித்தவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்றால் அதற்குக் காரணம் படிப்பா, அல்லது அவர் ஏற்கெனவே கெட்டிக்காரராகவும் உழைப்பாளியாகவும் இருந்ததா? குலுக்கலில் வென்றவரும் தோற்றவரும் எல்லா வகையிலும் ஒரே மாதிரியானவர்கள். அதிர்ஷ்டம் ஒன்றுதான் வித்தியாசம். மிஷெல் குரோஸ் என்ற ஆய்வாளர் இரு தரப்பினரின் சம்பளத்தையும் பின்தொடர்ந்து பார்த்தார். 2020ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, அந்தச் செவிலியர் படிப்பில் சேர்ந்ததால் சம்பளம் சுமார் 44 சதவீதம் உயர்ந்தது.

இரண்டாண்டுப் பட்டம் ஒன்றுக்கு 44 சதவீதம். இதை மட்டும் கேட்டால், அமெரிக்காவில் இருக்கும் ஒவ்வொருவரையும் பக்கத்துச் சமுதாயக் கல்லூரிக்கு ஓடிப்போய்ச் சேரச் சொல்லத் தோன்றும். ஆனால் அதே வளாகத்தில், அடுத்த கட்டடத்தில் வாங்கிய இன்னொரு சான்றிதழ் சம்பளத்தில் பத்து ரூபாய் மாற்றத்தைக்கூடக் கொண்டுவராமல் போகலாம். சமுதாயக் கல்லூரிப் படிப்பு பலன் தருமா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதே தவறான கேள்வி என்பது என் எண்ணம். எந்தப் படிப்பு, அதை முடித்தாரா, முடிக்க எத்தனை காலம் ஆனது என்று கேட்டால்தான் கணக்கு பிடிபடும்.

முதலில் இந்தக் கல்லூரிகள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடலாம். நம் ஊர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அரசு கலைக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரே மதில் சுவருக்குள் கொண்டுவந்தால் ஏறக்குறைய அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி வந்துவிடும். பள்ளிப் படிப்பை முடித்த யாரும் சேரலாம், நுழைவுத் தேர்வில் கழித்துக்கட்டும் வழக்கம் இல்லை. 1901ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரிதான் இன்றுவரை இடைவிடாமல் நடக்கும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947ஆம் ஆண்டு அறிக்கை 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரவலாக்கியது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. சில வாரங்களில் முடியும் சான்றிதழும் உண்டு, இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே குறைந்த செலவில் படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கும் வழியும் உண்டு.

சரி, செலவு எவ்வளவு? 2024-25ல் சமுதாயக் கல்லூரியின் சராசரி ஆண்டுக் கட்டணம் 4,050 டாலர். அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்தவருக்கே 11,610 டாலர். தனியார் பல்கலைக்கழகத்தில் 43,350 டாலர். கலிபோர்னியாவில் இன்னும் மலிவு. அங்கே 2012 முதல், பாடங்களின் அளவை எண்ணும் 'யூனிட்' ஒன்றுக்கு 46 டாலர்தான். இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் மொத்தப் பட்டத்துக்கும் 2,760 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் தள்ளுபடியாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கட்டணத்தைப் பார்த்து, கிட்டத்தட்ட இலவசம்தானே என்று நினைக்கிறார்கள். மாலை ஐந்தரை மணிக்கு ஒரு சமுதாயக் கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் நின்றால் உண்மையான விலை தெரியும். வேலைச் சீருடையோடு வண்டியை விட்டு இறங்குபவர்கள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே இரவுச் சாப்பாட்டை முடிப்பவர்கள், குழந்தையை யாரிடம் விட்டுவந்தோம் என்று போனில் சரிபார்ப்பவர்கள். படிப்புக்காக ஒருவர் வாரம் 20 மணி நேர வேலையை விட்டுக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் 2025ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். ஆண்டுக்கு 32 வாரங்கள், இரண்டு ஆண்டுகள். கைவிட்டுப் போன கூலி மட்டும் 21,120 டாலர். கட்டணத்தைப் போல ஏழரை மடங்கு. வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல். இரண்டாண்டுப் பட்டம் நான்காண்டாக இழுத்தால் இந்தத் தொகையும் கூடவே நீளும். ஆகவே ஒரு மாணவர் எதைப் படிக்கலாம் என்று யோசிக்கும்போது, தன் காலத்துக்கு விலை போட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

இனி வரவுப் பக்கம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், பள்ளிப் படிப்போடு நிறுத்திய முழுநேரத் தொழிலாளர்களில் வரிசையின் நடுவில் நிற்பவர் வாரம் 899 டாலர் சம்பாதித்தார். அசோசியேட் பட்டம் பெற்றவர் 1,058. இளங்கலைப் பட்டம் பெற்றவர் 1,493. பள்ளிப் படிப்புக்கும் இரண்டாண்டுப் பட்டத்துக்கும் இடையே வாரம் 159 டாலர், ஆண்டுக்கு எட்டாயிரத்துச் சொச்சம். கல்லூரியில் சேர்ந்து எந்தப் பட்டமும் வாங்காமல் நின்றவரின் வாரச் சம்பளம் 992. கல்லூரி விளம்பரங்களில் இந்த வகை எண்கள்தான் பெரிய எழுத்தில் வரும்.

எண்கள் உண்மை. ஆனால் அவற்றை ஒரு மாணவர் தன் எதிர்காலத்துக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. யார் படிக்கிறார்கள், யார் படிக்கவில்லை என்ற வேறுபாடு அதற்குள் கலந்திருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். குலுக்கல் எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்பதால், ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் ஒவ்வொரு காலாண்டும் ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்தையும் மாநில அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தச் சம்பளப் பதிவேட்டையும் கல்லூரிப் பதிவேட்டையும் இணைத்துவிட்டால், ஒரே ஆள் படிப்பதற்கு முன் எவ்வளவு வாங்கினார், படித்த பின் எவ்வளவு வாங்கினார் என்று பார்க்கலாம். அவரை அவரோடேயே ஒப்பிடுவதால் கெட்டிக்காரத்தனத்தின் பங்கு பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. வேலை போனவர்கள்தான் அதிகமாகக் கல்லூரிக்குத் திரும்புகிறார்கள். சேர்வதற்குச் சற்று முன்பு அவர்களுடைய சம்பளம் பள்ளத்தில் விழுந்திருக்கும். படிக்காவிட்டாலும் ஓரிரு ஆண்டுகளில் அதில் ஒரு பகுதி தானாகவே மீண்டிருக்கும். பள்ளத்திலிருந்து அளந்தால் எந்தப் படிப்பும் மலை ஏற்றியது போலத்தான் தெரியும். இதை 1970களிலேயே ஆர்லி ஆஷென்ஃபெல்டர் என்ற பொருளாதார அறிஞர் சுட்டிக்காட்டினார், இன்றும் அந்தச் சரிவு அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நல்ல ஆய்வுகள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், பள்ளத்துக்கு முந்தைய நிலத்திலிருந்து அளக்கின்றன.

அப்படி அளந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வு. வாஷிங்டன் மாநிலத்தில் பல ஆண்டுகள் பார்த்த வேலையை இழந்து, நடு வயதில் மறுபடியும் வகுப்பறைக்குப் போனவர்களைப் பற்றியது. ஓராண்டுக்கு நிகரான படிப்பு ஆண்களின் நீண்டகாலச் சம்பளத்தைச் சுமார் 9 சதவீதமும் பெண்களின் சம்பளத்தைச் சுமார் 13 சதவீதமும் உயர்த்தியது. பரவாயில்லையே என்று அங்கேயே நின்றுவிடாமல், ஆய்வாளர்கள் என்ன பாடம் படித்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கணிதம், அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த பாடங்களை எடுத்தவர்களில் ஆண்களுக்குச் சுமார் 14 சதவீதம், பெண்களுக்குச் சுமார் 29 சதவீதம். மற்றப் பாடங்களை எடுத்தவர்களுக்கு மிகக் குறைவு, ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். மொத்தச் சராசரியில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாக மறைந்திருந்தது.

கலிபோர்னியாவின் தொழிற்கல்விப் படிப்புகளைப் பற்றி 2019ல் வந்த பெரிய ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. சான்றிதழ்களும் பட்டங்களும் சேர்ந்து 14 முதல் 45 சதவீதம் வரை உயர்வு. உச்சியில் இருப்பவை மருத்துவத் துறைப் படிப்புகள். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 15 முதல் 23 சதவீதம். கென்டக்கி மாநில ஆய்வில் அசோசியேட் பட்டமும், ஓராண்டுக்கு மேல் நீளும் டிப்ளமோவும் நல்ல பலன் தந்தன, பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாகவே. குறுகிய காலச் சான்றிதழ்களின் பலன் அதில் ஒரு சிறு பங்குதான்.

செவிலியர் படிப்பு ஏன் எங்கு பார்த்தாலும் முதலில் வருகிறது? அந்த வேலைக்கு உரிமம் வேண்டும். உரிமத் தேர்வை எழுத, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். இரண்டாண்டுப் பட்டதாரியும் நான்காண்டுப் பட்டதாரியும் எழுதுவது ஒரே தேர்வுதான். அதாவது, இந்தப் பட்டம் ஒரு பூட்டிய கதவின் சாவி. 2023ல் பதிவு பெற்ற செவிலியரின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர் (நான்காண்டு படித்தவர்களும் இதில் உண்டு). பற்களைச் சுத்தம் செய்து பராமரிக்கும் பல் சுகாதார நிபுணருக்கு 87,530 டாலர். பெரும்பாலோர் அசோசியேட் பட்டத்தோடு இந்த வேலைக்கு வருகிறார்கள், உரிமம் இதற்கும் கட்டாயம்.

அதே மருத்துவமனையில் செவிலி உதவியாளராக இருப்பவர் சில வாரச் சான்றிதழோடு வருகிறார். அவருடைய நடுத்தர ஆண்டுச் சம்பளம் சுமார் 38,200 டாலர். பள்ளிப் படிப்போடு நிறுத்திய முழுநேரத் தொழிலாளியின் வாரச் சம்பளத்தை ஆண்டுக்குப் பெருக்கினால் 46,700 டாலர் வருகிறது. சான்றிதழ் வாங்கியவர் சான்றிதழ் இல்லாதவரைவிடக் குறைவாக வாங்குகிறார் என்றால், அந்தக் காகிதம் வீண் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அதை வாங்குவதற்கு முன் அவர் ஓட்டலில் தட்டு கழுவி இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கலாம். ஆனால் இதை முதல் படியாக வைத்து அடுத்தடுத்து ஏறலாம் என்று கல்லூரிகள் சொல்லும்போது, அடுத்த படி உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. உதவியாளர் சான்றிதழின் வகுப்புகள் செவிலியர் பட்டத்தில் கிரெடிட்டாக (ஏற்கெனவே முடித்த பாடக் கணக்காக) ஏற்கப்படாவிட்டால், மாணவர் மறுபடியும் தரையிலிருந்துதான் ஏற வேண்டும்.

லாப நோக்கில் நடக்கும் தனியார் தொழிற்கல்லூரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே சான்றிதழை அங்கே பல மடங்கு விலைக்குக் கடன் வாங்கிப் படித்தவர்கள், அரசுச் சமுதாயக் கல்லூரியில் படித்தவர்களைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று 2019ல் ஓர் ஆய்வு காட்டியது. சேர்வதற்கு முன்பு அதே பெயரில் ஒரு படிப்பு பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காதவர்கள் தலையில்தான் இந்தக் கடன் விடிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் படித்து முடித்தவர்களின் கதை. சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஏதாவது ஒரு பட்டமோ சான்றிதழோ கையில் வைத்திருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. சேரும்போது பத்தில் எட்டுப் பேர், இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய் இளங்கலைப் பட்டம் வாங்குவோம் என்கிறார்கள். மூன்றில் ஒருவர்தான் போய்ச் சேர்கிறார். ஆறு ஆண்டுகளில் இளங்கலைப் பட்டத்தைக் கையில் வாங்குவது சுமார் 16 சதவீதம். இத்தனை பேருடைய ஆசையும் எங்கே கரைகிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

ஒரு பகுதி கிரெடிட்டில் கரைகிறது. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எவ்வளவு காலம் மிச்சம், எவ்வளவு காலம் போச்சு என்பது முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பாடமாகப் பார்த்து, இது செல்லும், இது செல்லாது என்று சொல்லும். கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழக்கிறார்கள் என்று அந்நாட்டு அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2017ல் கணித்தது. அரசுச் சமுதாயக் கல்லூரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு இழப்பு இதைவிடக் குறைவு என்றாலும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. கலிபோர்னியா 2010ல் சட்டம் இயற்றி, மாறிச் செல்வதற்கென்றே ஒரு பட்டத்தை உருவாக்கி, அதை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி என்று அறிவித்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

அப்படியென்றால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கே நேராகப் போகக்கூடிய ஒருவர், மலிவு என்பதற்காக இங்கே வரலாமா? ஜாக் மவுண்ட்ஜாய் டெக்சாஸ் மாநில மாணவர்களை வைத்து 2022ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. இந்தக் கல்லூரி இல்லாவிட்டால் எந்தக் கல்லூரிக்கும் போயிருக்க மாட்டார் என்ற நிலையில் இருப்பவருக்கு நல்ல லாபம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவர் திசைமாறி இங்கே வந்தால் சராசரியாக நஷ்டம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். மாணவருக்கு அறிவுரை சொல்லும் பெற்றோரும் ஆசிரியரும் இந்த ஒரு முடிவையாவது மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பகுதி, மிகச் சாதாரணக் காரணங்களில் கரைகிறது. கார் பழுதாகிவிடுகிறது, பாடப்புத்தகம் வாங்கப் பணம் இல்லை, வேலை நேரம் மாறிவிடுகிறது, அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழக அமைப்பு 2007ல் 'ஏஎஸ்ஏபி' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போகக் கட்டணத்தில் குறையும் தொகையைத் திட்டம் ஏற்கும், புத்தகச் செலவைக் கொடுக்கும், மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்த ஓர் ஆலோசகரைக் கொடுக்கும், மாதந்தோறும் சப்வேயிலும் பஸ்ஸிலும் போகப் பயண அட்டையும் கொடுக்கும். பயண அட்டையை வாங்க ஆலோசகரைப் பார்க்க வர வேண்டும். வந்தவரிடம் ஆலோசகர் நாலு வார்த்தை பேசுவார், தடுமாறுகிறாரா என்று கண்டுபிடிப்பார். பாடத்திட்டத்தில் பெரிய புரட்சி எதுவும் இல்லை.

இங்கேயும் குலுக்கல் முறையில்தான் சோதித்தார்கள். மூன்று ஆண்டுகளில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பட்டம் வாங்கினார்கள், இல்லாதவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. ஆனால் பட்டம் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட இரட்டிப்பானதால், ஒரு பட்டதாரியை உருவாக்க ஆகும் செலவு குறைந்துவிட்டது. ஓஹையோ மாநிலக் கல்லூரிகளில் இதே மாதிரியைச் செய்து பார்த்தபோது, ஆறாவது ஆண்டில் சம்பளமும் 11 சதவீதம் கூடியிருந்தது. சலுகை கொடுத்துக் கெடுக்காதே என்று சொல்பவர்களிடம் இந்த எண்களை எடுத்துக் காட்ட வேண்டும்.

அரசின் பணமும் இப்போது பலனைக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. டெக்சாஸ் 2023ல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் மதிப்புள்ள சான்றிதழோடு வெளியேறினார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள் என்பதை வைத்தே சமுதாயக் கல்லூரிகளுக்கு நிதி போகிறது. வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை முன்பு குறைந்தது 15 வாரப் படிப்புக்குத்தான் கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை முதல் 8 வாரப் படிப்புகளுக்கும் அதைத் திறந்துவிடுகிறது. சேர்ந்தவர்களில் 70 சதவீதம் முடித்திருக்க வேண்டும், 70 சதவீதத்துக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும், முடித்தவர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. குறுகிய காலச் சான்றிதழ்களின் பழைய வரலாற்றைப் பார்த்தவர்கள் இந்த வேலிகளை வரவேற்கத்தான் செய்வார்கள். நானும் வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு படிப்பு மட்டும் இந்த அளவுகோலில் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகிறது. குழந்தைப் பராமரிப்பு. 2023ல் அந்த வேலையின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 30,370 டாலர். அதற்கான சான்றிதழ் எந்த ஆய்வில் வந்தாலும் பட்டியலின் அடியில்தான் இருக்கும். பலன் தராத படிப்பு என்று அதற்கு நிதியைக் குறைத்தால் கணக்குப் புத்தகம் அழகாக இருக்கும். அதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். செவிலியர் படிப்புக்குக் குலுக்கலில் பெயர் வந்த ஒரு தாய், மாலை ஐந்தரை மணிக்குத் தன் குழந்தையை இவர்களில் ஒருவரிடம் விட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார். அவருடைய 44 சதவீதத்தில் அந்தப் பெண்ணின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது, அவளுடைய சம்பளப் பதிவேட்டில் அது எந்தக் காலாண்டிலும் தெரிவதில்லை.